கேள்வி பதில்: வயலினுக்கு எழுதியது புளூட்டுக்கு ஆகுமா?

கேள்வி: ஐயா, எங்கள் பாடசாலையில் வயலினுக்கு ஆளில்லை, புளூட் வாசிக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். விவால்டியின் ஏ மைனர் வயலின் கொன்செர்ட்டோவை (தனி வயலினும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை; ஓபஸ் 3 என்ற தொகுப்பில் இல. 6) அவளுக்கு மாற்றி எழுதினால் தப்பா?
(ஆசிரியை, ஹட்டன்)

பதில்: தப்பே இல்லை தங்கச்சி, தாராளமாக எழுதுங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் செய்யாததா? 1711இல் அச்சான அதே விவால்டி தொகுப்பில் நாலு வயலினுக்கு இருந்த இன்னொரு கொன்செர்ட்டோவை அவர் நாலு ஹார்ப்சிகோர்டுக்கு (பியானோ போன்ற பழைய கட்டை வாத்தியம்) மாற்றி, பி மைனரை ஏ மைனருக்கும் இறக்கிவிட்டார். தன்னுடைய ஈ மேஜர் வயலின் கொன்செர்ட்டோவையும் ஹார்ப்சிகோர்டுக்காக டி மேஜராக்கினார்.

உங்களுக்குச் சிக்கல் கீழே. வயலின் நடு சி-க்குக் கீழே உள்ள ஜி வரை இறங்கும், சாதாரண புளூட் நடு சி-யோடு நின்றுவிடும். எட்டாத சுரத்தை மட்டும் தனியே மேலே தூக்கிப் போட்டால் மெட்டு உடைந்து அசிங்கமாகக் கேட்கும், அதனால் அந்த வரி தொடங்கும் இடத்திலிருந்தே ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். அப்புறம் மூச்சு. வில்லுக்கு மூச்சு வாங்காது, பிள்ளைக்கு வாங்குமே! வேகமாக ஓடும் இடங்களில் தட்டு விழும் சுரத்துக்கு அடுத்ததை விட்டுவிட்டு அங்கே மூச்செடுக்கட்டும், சபையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நம்ம ஊர்க் குளிரில் புளூட்டின் சுருதி வேறு இறங்கும், மேடையேறுமுன் ஊதிச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.