கேளுங்க அக்கா: ஃபைல்ல 'ஸ்டேபிள்'னு எழுதிட்டா போதுமா?

அக்கா, நான் புதுச்சேரில எம்.எஸ்.டபிள்யூ. ரெண்டாவது வருஷம். ரெகவரி ஓரியண்டட் பிராக்டிஸ்னு ஒரு யூனிட் இருக்கு, மனநோய் வந்தவங்க தேறி வாழ்றத மையமா வச்சு வேலை பண்றது, டெஃபனிஷன் கேட்டா எழுதிருவேன். ஆனா ஃபீல்டு ஒர்க் போற மனநல ஓபில மாத்திரை போடுறாரா, தூங்குறாரா, வீட்ல சண்டை போடுறாரா, இவ்ளோதான் கேக்குறாங்க, 'ஸ்டேபிள்'னு எழுதிட்டு அடுத்த ஆள கூப்பிட்டுடுறாங்க. அப்ப இத நான் யார்கிட்ட கத்துக்கிறது?
- மாணவி, வில்லியனூர்

ஓபில இருக்கவங்கள நான் குறை சொல்ல மாட்டேம்மா, காலைல அந்த வரிசைய பார்த்தவங்களுக்கு தெரியும், ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கிடைக்கிறதே பெருசு. அந்த மூணு கேள்வியும் கேக்க வேண்டியதுதான். ஆனா அதோட நின்னுட்டா, இந்த மனுஷன் எதுக்காக நல்லாகணும்னு நினைக்கிறாருங்கிறது யாருக்குமே தெரியாமப் போயிடும்.

ஒரு காலத்துல ஸ்கிசோஃப்ரீனியான்னா, அதாவது மனச்சிதைவு நோய்னா, போகப்போக மோசமாத்தான் ஆகும்னு டாக்டருங்களுக்கே பாடம் நடத்துனாங்க. அத அசைச்சுப் பார்த்தது வெர்மான்ட் ஆய்வு, கோர்ட்னி ஹார்டிங் 1987ல வெளியிட்டது. அமெரிக்காவுல வெர்மான்ட் மாநில ஆஸ்பத்திரில வருஷக்கணக்கா உள்ளயே கிடந்து, 1950கள்ல மறுவாழ்வு திட்டத்துல வெளிய வந்த 269 பேர எடுத்துக்கிட்டு, சராசரியா 32 வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்கன்னு தேடிப் போய் பார்த்தாங்க. பாதிலேர்ந்து மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் நல்லாவே தேறியிருந்தாங்க, இவங்க எல்லாம் இனிமே தேறவே மாட்டாங்கன்னு ஒதுக்கி வச்ச ஆளுங்க, அத யோசிச்சுப் பாரு. அடுத்த வருஷமே பட்ரீசியா டீகன், பதின்ம வயசுல ஸ்கிசோஃப்ரீனியான்னு சொல்லப்பட்டு பின்னாடி தானே சைக்காலஜிஸ்ட் ஆனவங்க, உள்ளேர்ந்து பார்த்தா தேறி வர்றது எப்படி இருக்கும்னு எழுதுனாங்க. 1993ல வில்லியம் ஆண்டனி, நோயோட சில தொந்தரவு கூடவே இருந்தாலும் திருப்தியா, நம்பிக்கையா, நாலு பேருக்கு உபயோகமா வாழ முடியும், ரெகவரின்னா அதுதான்னு சொன்னாரு. நீ நோட்ல எழுதி வச்சிருக்க டெஃபனிஷன் பெரும்பாலும் இவரோடதாத்தான் இருக்கும்.

இப்ப யார்கிட்ட கத்துக்கிறதுங்கிறதுக்கு வரேன். நோய் வந்தவங்ககிட்டதான். கடலூர் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர், அவர் ஃபைல்லயும் ஸ்டேபிள்னுதான் இருந்துச்சு, யாரோ பேசுற மாதிரி காதுல குரல் கேக்குறது குறைஞ்சிருச்சு, தூக்கம் நல்லா இருந்துச்சு. ஆனா நாள் பூரா வீட்லயே படுத்துக் கிடந்தாரு, வீட்ல சோம்பேறிப் பட்டம் வேற. பக்கத்துல உக்காந்து, உங்களுக்கு என்னண்ணே பண்ணணும்னு இருக்குன்னு கேட்டப்ப ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் கடலுக்குப் போக இப்ப பயமா இருக்கு, வலை சரி பண்ற வேலை பண்ணலாம்னா கை நடுங்குதுன்னாரு. நடுக்கம் மாத்திரையோட பக்க விளைவு! அதுவரைக்கும் அவரும் சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல. டாக்டர்கிட்ட சொன்னதும் மருந்த கொஞ்சம் கொஞ்சமா மாத்தி குடுத்தாரு, நடுக்கம் குறைஞ்சுது, முதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள்னு வலைக்கிட்ட உக்கார ஆரம்பிச்சாரு. குரல் இன்னும் எப்பவாவது கேக்கும். ஆனா சாயங்காலம் அவர் கையில சொந்த காசு இருக்கு, அண்ணன் புள்ளைங்களுக்கு அவரே போண்டா வாங்கிட்டுப் போறாரு.

2011ல ஆராய்ச்சிக்காரங்க ரெகவரி பத்தின எழுத்தெல்லாம் அலசி, திரும்பத் திரும்ப வர்ற அஞ்சு விஷயத்த, இங்கிலீஷ் முதல் எழுத்துங்கள சேர்த்து சைம்னு (CHIME) ஒரே பேர்ல கோத்துக் குடுத்தாங்க: மனுஷங்களோட ஒட்டு, நம்பிக்கை, நோயாளிங்கிறத தாண்டி நான் யாருங்கிறது, வாழ்றதுக்கு ஒரு அர்த்தம், தன் முடிவ தானே எடுக்குற தைரியம். எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணாத, அந்த வலைக்காரர் கதையில இந்த அஞ்சும் எங்கெங்க இருக்குன்னு தேடு, தானா ஞாபகம் நிக்கும்.

ஒண்ணு மட்டும் புக்கு சொல்லித் தராது. அதுல பேசுறது பெரும்பாலும் தனி ஆள பத்தி, நம்ம ஊர்ல ஒரு ஆள் ஓபிக்கு வந்தா கூடவே அம்மா, அண்ணன், சித்தப்பான்னு மூணு பேர் வருவாங்க, நீ கேக்குற கேள்விக்கெல்லாம் அவங்களே பதில் சொல்லிடுவாங்க. அவங்க மேல கோவப்படாத, அத்தனை வருஷமா சோறு போட்டு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு அலைஞ்சது அவங்கதான். பத்து நிமிஷம் இவர்கிட்ட தனியா பேசிக்கிறேன்மான்னு மரியாதையா கேளு, முதல்ல அவர் பேசட்டும், அப்புறம் அவர் சரின்னா வீட்டாளுங்கள உள்ள கூப்பிடு. உன் ரெக்கார்டுல அவர் விருப்பத்த அவர் சொன்ன வார்த்தையிலயே ஒரு வரி எழுது. அடுத்த விசிட்ல முதல்ல அந்த வரிய பத்தி விசாரி, மாத்திரைய அப்புறம் கேளு.

முடிஞ்சா ஒரு ஃபீல்டு ஒர்க் பிளேஸ்மென்ட் சென்னைல கேட்டு வாங்கு. சாரதா மேனன் அம்மா 1984ல ஆரம்பிச்ச ஸ்கார்ஃப் இருக்கு, 1993ல தொடங்குன தி பேன்யன் இருக்கு, ரெண்டுமே மனநலத்துக்காக வேலை பண்ற தொண்டு நிறுவனங்க. பேன்யனோட 'ஹோம் அகெய்ன்'ல, ரொம்ப வருஷம் ஆஸ்பத்திரிலயே இருந்தவங்க நாலஞ்சு பேரா சாதாரண வாடகை வீட்ல குடியிருக்காங்க, கடைக்குப் போறாங்க, என்ன குழம்பு வைக்கிறதுன்னு அவங்களே பேசி முடிவு பண்றாங்க. அத நேர்ல பார்க்கணும்மா நீ.

என் பையனுக்கு 26 வயசு, ஸ்கிசோஃப்ரீனியா. அவன் விருப்பப்படி விடுங்கன்னு இப்பல்லாம் சொல்றாங்க. விட்டா முதல் வேலையா மாத்திரைய நிறுத்திடுவான், அப்புறம் நாங்கதானே அவஸ்தைப்படணும்?
- ஒரு அம்மா, பண்ருட்டி

உங்க பயம் நியாயமானதும்மா. ரெகவரின்னா மாத்திரை வேணாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, திடீர்னு நிறுத்துனா நோய் திரும்ப வர்ற ஆபத்து நிஜமாவே அதிகம். ஆனா அவன் ஏன் நிறுத்தணும்னு நினைக்கிறான்னு கேட்டிருக்கீங்களா? உடம்பு குண்டாகுதா, காலைல எழுந்திரிக்க முடியலையா, ஆம்பளைங்க வெளிய சொல்ல கூச்சப்படுற பிரச்சனையா? காரணம் தெரிஞ்சா டாக்டர் மாத்திக் குடுக்க வழி இருக்கு.

அவன் நல்லா இருக்குறப்ப ரெண்டு பேரும் உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க: நோய் திரும்ப வர்றப்ப முதல்ல என்ன மாறும், அப்ப யார் பேச்ச கேப்பான், எந்த மருந்து ஒத்துக்கல. மேரி எல்லன் கோப்லண்ட்னு ஒரு அம்மா அமெரிக்காவுல 1990கள்ல, இதே மாதிரி கஷ்டப்பட்ட மத்தவங்களோட சேர்ந்து, இத ஒரு முறையாவே உருவாக்குனாங்க. நம்ம நாட்டு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துலயும் இடம் இருக்கு, எனக்கு எப்படி சிகிச்சை வேணும், எப்படி வேண்டாம்னு அவன் முன்கூட்டியே எழுதி வைக்கலாம், தன் சார்பா பேச ஒருத்தர நியமிக்கலாம், அது நீங்களாவே இருக்கலாம். அவசர சிகிச்சைக்கு அந்த எழுத்து தடையா நிக்காது, அதனால பயப்படாதீங்க. அவன் கையால எழுதுன திட்டம்னா அவனே மதிக்க வாய்ப்பு அதிகம்.

கோயிலுக்கு கூட்டிட்டுப் போறதும் உங்க இஷ்டம், மாத்திரையும் கூடவே போகட்டும். கட்டி மட்டும் வைக்காதீங்க, யார் சொன்னாலும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடில மனநோயாளிங்கள தங்க வச்சிருந்த காப்பகத்துல நடந்த தீ விபத்துல செத்த 28 பேரும் சங்கிலில இருந்தவங்க, இப்ப சங்கிலி போடுறத சட்டமே தடை பண்ணியிருக்கு. ராத்திரி நேரத்துல தாங்க முடியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது.

நான் ஸ்டாஃப் நர்ஸ். இத பத்தி படிக்க செலவில்லாம கோர்ஸ் ஏதாவது இருக்கா?
- சிதம்பரம்

உலக சுகாதார நிறுவனத்தோட குவாலிட்டி ரைட்ஸ் ஆன்லைன் பயிற்சி இலவசம். டூட்டி முடிச்சுட்டு கொஞ்சம் கொஞ்சமா பண்ணலாம். வார்டுல ஒருத்தரோட சேர்ந்து பண்ணா இன்னும் நல்லது, பேசிக்க ஆள் இருக்கும்.

எனக்கு பைபோலார், மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி உற்சாகமாகி, ஒரு சமயம் அடியோட சோர்ந்து போற நோய், இப்ப வேலைக்குப் போறேன். ஒரு காலேஜ்ல ஸ்டூடண்ட்ஸ் முன்னாடி வந்து என் அனுபவத்த பேசச் சொல்றாங்க. போலாமா அக்கா?
- முத்தியால்பேட்டை

உங்களுக்கு மனசு இருந்தா போங்க தம்பி, அந்தப் பசங்களுக்கு புக்கு குடுக்காதத நீங்க குடுக்கலாம். இங்கிலாந்துல ரெகவரி காலேஜ்னு வச்சு, நோய அனுபவிச்சவங்களும் டாக்டர், நர்சுங்களும் சேர்ந்து பாடம் தயார் பண்ணி சேர்ந்தே நடத்துறாங்க, மாணவங்களாவும் ரெண்டு தரப்பும் உக்காருது.

போறதுக்கு முன்னாடி சிலத பேசிக்கோங்க. போக்குவரத்து செலவும், மத்த கெஸ்ட் லெக்சரருக்கு குடுக்குற தொகையும் உங்களுக்கும் உண்டான்னு கூச்சப்படாம கேளுங்க, ஏன்னா நீங்களும் பாடம் நடத்தத்தான் போறீங்க. வீடியோ எடுக்குறது உங்க சம்மதத்தோட மட்டும்தான். எத சொல்றது, எத சொல்லக் கூடாதுங்கிறத நீங்க முதல் நாளே முடிவு பண்ணிடுங்க, அட்மிஷன் ஆன நாள் என்ன நடந்துச்சுன்னு யாராவது நோண்டுனா, அத சொல்ல விருப்பமில்லன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போங்க. வேலைக்கு திரும்பினது எப்படி, எந்த நர்ஸ் என்ன பண்ணதால தைரியம் வந்துச்சு, எந்த பேச்சு இன்னும் வலிக்குது, இத விவரமா சொல்லுங்க. முடிச்சுட்டு வர்ற அன்னைக்கு சாயங்காலம் ஒரு ஃப்ரெண்ட கூட இருக்கச் சொல்லுங்க, தூக்கம் கெடாம பாத்துக்கோங்க.