படம் எடுத்தீர்கள், பேசினீர்களா?

கேள்வி: சுற்றுலாதான் கலாச்சாரப் பரிமாற்றத்துக்குச் சிறந்த வழி. போன மாதம் தாய்லாந்தின் சியாங் மாய்க்குக் குடும்பத்தோடு போனோம். நீண்ட கழுத்துப் பெண்கள் இருக்கும் கிராமத்துக்கு டிக்கெட் எடுத்துப் போய் அவர்களோடு படம் எடுத்துக்கொண்டோம். டூர்க்காரர்கள் நம் ஊர்ச் சமையல்காரரையே அழைத்து வந்ததால் சாப்பாட்டுக்கும் குறையில்லை. உங்கள் பத்திரிகை மட்டும் ஏன் சுற்றுலாவைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறது?

- வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: தாராளமாகச் சுற்றுலா போங்கள், அம்மா. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் பரிமாற்றம் எங்கே நடந்தது என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் பார்த்தவர்கள் கயான் இனப் பெண்கள். அவர்களின் பூர்வீகம் மியான்மரின் கயா மாநிலம். அங்கே ராணுவத்தோடு நடந்த சண்டைக்குத் தப்பி, 1980களின் இறுதியிலிருந்து எல்லை தாண்டித் தாய்லாந்தின் மே ஹாங் சோன் மலைப் பகுதிக்கு வந்த அகதிகள். கழுத்தும் உண்மையில் நீளவில்லை. ஐந்து வயது வாக்கில் மாட்டத் தொடங்கும் பித்தளைச் சுருளின் பாரம் காறை எலும்பையும் விலா எலும்புகளையும் கீழே அமுக்கிவிடுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்குக் கழுத்து நீண்டதாகத் தெரிகிறது.

இவர்களில் சிலரைக் குடியேற்றிக்கொள்ள நியூசிலாந்து முன்வந்தது. தாய்லாந்து அதிகாரிகள் வெளியேறும் அனுமதியைத் தராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அந்தப் பெண்கள் போய்விட்டால் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? 2008இல் ஐ.நா. அகதிகள் அமைப்பே இதை வெளிப்படையாகக் கண்டித்தது. அதற்கு முன்பே, 2006 வாக்கில், இளம்பெண்கள் சிலர் வளையத்தைக் கழற்றிவிட்டார்கள். படிக்க வேண்டும் என்பது ஒரு காரணம், தங்களைக் காட்சிப்பொருளாக வைத்திருப்பதற்கு எதிர்ப்பு இன்னொன்று. வளையம் போட்டால்தான் மாதச் சம்பளம் என்ற இடத்தில் அதைக் கழற்ற எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சியாங் மாய் பக்கம் இருக்கும் கிராமங்களின் கதை இன்னும் மோசம். மலைக்கு அலைய நேரமில்லாத பயணிகளுக்காக வியாபாரிகள் பல இனத்தவரைக் கூட்டி வந்து குடிவைத்த இடங்கள் அவை. வரிசையாகக் குடிசைகள், வாசலில் சால்வைக் கடை, உள்ளே போக டிக்கெட். நீங்கள் ஈரோட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். அகதியாக வந்த அந்தப் பெண் நினைத்த ஊருக்குப் போய்விட முடியுமா? நீங்கள் எந்த ஊர், என்ன மொழி என்று அவர் கேட்கவாவது ஒரு நிமிடம் கிடைத்ததா?

அப்புறம் அந்தச் சமையல்காரர். சைவம்தான் வேண்டும் என்றால் தாய்லாந்திலேயே ‘ஜே’ என்று மஞ்சள் கொடி கட்டிய கடைகள் உண்டு. இறைச்சி, மீன், முட்டை எதுவும் சேர்க்காத சாப்பாடு அங்கே கிடைக்கும். அதுகூட வேண்டாம் என்று சாம்பாரைக் கூடவே கொண்டுபோய்விட்டு, அந்த நாட்டோடு எதைப் பரிமாறிக்கொண்டீர்கள்?

மறுபடி போவதாக இருந்தால் மே ஹாங் சோன் பக்கம் ஹுவாய் பூ கெங் கிராமத்துக்குப் போங்கள். அங்கே கயான் மக்களோடு இரவு தங்கலாம். அவர்களே நெசவும் மரவேலையும் கற்றுக்கொடுக்கிறார்கள். கேமராவைப் பையில் வைத்துவிட்டுத் தறியில் உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும் பெண் உங்களிடம் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள். அதன் பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள், முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.