மயில் சேலை வாங்குமுன்

கேள்வி: இணையத்தில் 3,500 ரூபாய்க்குக் ‘கைத்தறி பைத்தானி’ பட்டுச் சேலை வாங்கினேன். முந்தானை முழுக்க மயில். திருப்பிப் பார்த்தால் வெட்டிய நூல்கள் நார்நாராக நிற்கின்றன. “பைத்தானி என்றாலே அப்படித்தான்” என்கிறார் விற்றவர். (கோவை வாசகி)

பதில்: அப்படி இல்லை அம்மா. அவர் சொல்வது பொய்.

மகாராஷ்டிரத்தின் யேவலாவில் நெசவாளர் மயிலின் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சிறு நூல்கண்டு வைத்திருப்பார். அந்த நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் கையால் ஊடை (குறுக்கு நூல்) கோத்து, பக்கத்து நிறத்தோடு பிணைத்துவிடுவார். அதனால் பின்புறம் நூல் தொங்காது. கழுத்தின் நீலமும் தோகையின் கண்ணும் இரு பக்கமும் ஒன்றாகவே தெரியும். உங்களுடையது இயந்திரத் தறியில் நெய்ததாகத்தான் தெரிகிறது. வளையலுக்குள் மயில் நிற்கும் ‘பங்கடி மோர்’ முந்தானை முடிய மாதக்கணக்கில்கூட ஆகும். மராத்தியக் குடும்பங்களில் தாயின் பைத்தானி மகளின் கல்யாணத்துக்கு வரும். இயந்திர மயிலை இயந்திர மயில் என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. கைத்தறி என்று சொல்லி விற்பது திருட்டு. உங்கள் பணத்தோடு யேவலாக்காரரின் கூலியும் சேர்ந்தே போகிறது. ஒரு கண்காட்சியில் இதே சரக்கை என் தலையிலும் கட்டினார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

‘கைத்தறி’ என்று எழுதியிருக்கும் விற்பனைப் பக்கத்தை உடனே படம் எடுத்து வையுங்கள். சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: தெரிந்தவரிடம் 22,000 ரூபாய்க்கு மயில் பார்டர் காஞ்சிபுரம் பட்டு வாங்கினேன். ஆறே மாதத்தில் ஜரிகை கறுத்துவிட்டது. பில் வாங்கவில்லை. (சேலம் வாசகர்)

பதில்: 22,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கேட்காமல் வருவீர்களா? வாரந்தோறும் இதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. உங்களுடையது செம்புக் கம்பியாக இருக்கலாம். காஞ்சிபுரத்தில் ஜரிகையைச் சோதித்துத் தருகிறார்கள், அறிக்கை வாங்குங்கள். வங்கி வழியாகப் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு கைகொடுக்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் விற்றவரின் மனசாட்சியைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: சில்க் மார்க் இருந்தால் கைத்தறிதானே?

பதில்: இல்லை. நூல் பட்டு என்பதற்கு மட்டுமே அது உறுதி. கைத்தறிக்கு ‘ஹேண்ட்லூம் மார்க்’ தனியாக இருக்கிறது.

கேள்வி: வரப்போகும் மருமகள் புனே பெண். நிச்சயதார்த்தத்துக்கு எந்த மயிலை எடுப்பது, காஞ்சிபுரமா பைத்தானியா? (திருச்சி வாசகி)

பதில்: காஞ்சிபுரம் எடுங்கள். பைத்தானியை அவள் பிறந்த வீட்டார் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். உங்கள் ஊர் மயில் உங்கள் கையிலிருந்து போகட்டும். நிறத்தை மட்டும் அவளிடம் கேட்டுவிடுங்கள், உடுத்தப்போவது அவள்.

கேள்வி: மயிலிறகுக் காதணியைச் சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பலாமா?

பதில்: கூடாது. தானாக உதிர்ந்த இறகானாலும் ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.