எண்ணெய் இல்லாத சில்லர் கம்ப்ரஸர் பல வருடம் கழித்தும் அதே திறனோடு ஓடுமா?

பெரிய கட்டடங்களின் ஏசிக்காகத் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம்தான் சில்லர். அதற்குள் குளிர்வாயுவை அழுத்திச் சுற்றவிடும் பகுதி கம்ப்ரஸர். வழக்கமான கம்ப்ரஸரில் சுழலும் தண்டு பேரிங்கில் உரசித் தேயாமல் இருக்க எண்ணெய் வேண்டும். எண்ணெய் இல்லாத வகையில், பெரும்பாலும் காந்தவிசைதான் தண்டை அந்தரத்தில் தாங்குகிறது.

நீண்ட கால வித்தியாசம் இங்கேதான். எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்வாயுவோடு கலந்து போய், குளிரூட்டும் செப்புக் குழாய்களில் படலமாகப் படியும். வெப்பம் கடப்பது குறையும், கரண்ட் செலவு ஏறும். அடிப்பிடித்த பாத்திரத்தில் பால் காய்ச்சினால் கேஸ் கூடுதலாக ஆகுமே, அதுபோல. எண்ணெயே இல்லையென்றால் இந்தச் சரிவு இல்லை.

சரி, கரண்ட் போனால் தண்டு விழுந்துவிடாதா? சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகம் அடங்கும்வரை காந்தங்களுக்கு மின்சாரம் கொடுக்கும். அதுவும் தவறினால் தாங்கிப் பிடிக்கத் தனியாகக் காப்பு பேரிங் உண்டு. இந்த இயந்திரத்தில் நான் மிகவும் வியக்கும் இடம் இது.

'எண்ணெய் இல்லை, அதனால் பராமரிப்பே வேண்டாம்' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, மின்னணுப் பலகையின் கெப்பாசிட்டர்களுக்கு வயதாகும், தண்ணீர்க் குழாய்களில் உப்புப் படிவதும் எந்தக் கம்ப்ரஸர் போட்டாலும் நிற்காது.