நியாயம், அநியாயத்தை எல்லாம் பொருளியலில் எப்படி ஆராய்கிறார்கள்?

“நியாயம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பொருளியல் அறிஞர்கள் அதை எப்படி ஆராய முடியும்? நலவாழ்வில் உள்ள ஏற்றத்தாழ்வையும் அவர்கள் ஏன் தொடுகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். முதுகலை படித்தபோது வகுப்பில் ‘அல்டிமேட்டம் கேம்’ ஆடினோம். ஜெர்மனியில் வெர்னர் க்யூத்தும் இரண்டு சகாக்களும் 1982-இல் வெளியிட்ட சோதனை அது. ஒருவரிடம் ஒரு தொகை இருக்கும். அதில் அடுத்தவருக்கு எவ்வளவு என்று அவர்தான் சொல்வார். அடுத்தவர் சரி என்றால் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் இருவருக்குமே பூஜ்யம். எனக்கு வந்த சீட்டில் பத்துக்கு இரண்டு என்று இருந்தது. ஒன்றுமே இல்லாததற்குக் கொஞ்சமாவது கிடைப்பது மேல் என்று முந்தின வாரத் தேர்வில்தான் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனாலும் ‘வேண்டாம்’ என்று எழுதினேன். அழுத்திய அழுத்தில் சீட்டின் பின்பக்கம் வரை பதிந்துவிட்டது. நான் மட்டும் ரோஷக்காரன் இல்லை. பல நாடுகளில் நடந்த சோதனைகளில், ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்துவிடுகிறார்கள்.

அடுத்த சுற்றில் பங்கைக் கணினி குலுக்கிப் போட்டது. மறுபடியும் அதே இரண்டு. இந்த முறை பேசாமல் வாங்கிக்கொண்டேன். யார்மேல் கோபப்படுவது? சாலி ப்ளவுன்ட் 1995-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது: எதிராளி வேண்டுமென்றே குறைத்தால் மறுப்பவர்கள், சீட்டு விழுந்து குறைந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். பங்கை அப்படியே வைத்துவிட்டு அது வந்த வழியை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இந்தத் துறையின் பாதி சூட்சுமம் இதுதான் என்பேன்.

(ஊருக்கு ஊர் மாறுவதும் உண்மைதான். ஜோசப் ஹென்ரிச் குழு 15 சிறிய சமூகங்களில் இதே விளையாட்டை ஆட வைத்து 2001-இல் வெளியிட்டது. பெருவின் மாச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம் கொடுக்க முன்வந்தார்கள். இந்தோனேசியாவின் லாமலேராவில், படகில் கூட்டாகப் போய்த் திமிங்கிலம் பிடித்துப் பங்கு போடுபவர்கள், 58 சதவீதம்!)

சண்டைக்காரர் யாரும் இல்லாத இடத்தில் பங்கு எப்படிப் போடுவது? எனக்கு மிகவும் பிடித்தது மெனாகெம் யாரியும் மாயா பார்-ஹிலெலும் 1984-இல் கேட்ட கேள்வி. 12 பம்ப்ளிமாஸ், 12 அவகாடோ. இரண்டு பேர். ஒருவர் உடம்புக்கு ஒவ்வொரு பம்ப்ளிமாஸிலிருந்தும் 100 மில்லிகிராம் வைட்டமின் கிடைக்கும், அவகாடோவிலிருந்து எதுவும் கிடைக்காது. மற்றவருக்கு எதைத் தின்றாலும் 50. பெரும்பாலானவர்கள், முதலாமவருக்கு 8 பம்ப்ளிமாஸ், மீதி எல்லாம் மற்றவருக்கு என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், இருவருக்கும் 800. பிறகு எண்களை மாற்றாமல், வைட்டமினுக்குப் பதில் ருசி என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பங்கீட்டுக்கு இருந்த ஆதரவு சரிந்துவிட்டது. உடம்புக்குத் தேவை என்றால் ஈடுகட்டுவோம், நாக்குக்கு ஆசை என்றால் அது உன் பாடு.

நலவாழ்வு உள்ளே வருவது இப்படித்தான். ராஜ் செட்டி குழு 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்க ஆண்களில் வருமானத்தில் உச்சியில் உள்ள 1 சதவீதத்தினருக்கும் அடியில் உள்ள 1 சதவீதத்தினருக்கும் ஆயுள் எதிர்பார்ப்பில் 14.6 ஆண்டு இடைவெளி. பெண்களில் 10.1. இதில் எவ்வளவு பிறந்த இடம், எவ்வளவு அவரவர் பழக்கம்? அடித்தட்டில் இருப்பவர் சிகரெட் பிடித்தால் அது அவர் தேர்வா, வளர்ந்த சூழலா? பொருளியல் அறிஞர் ஜான் ரோமர் சொல்லும் வழி: அவரை எல்லாரோடும் ஒப்பிடாதே, அதே சூழலில் வளர்ந்தவர்களோடு ஒப்பிடு. எதைச் சூழல் என்று சேர்ப்பது என்பதில்தான் கருத்தரங்குகளில் குடுமிப்பிடி.

அப்புறம் இன்னொரு சிக்கல். பணம் இல்லாததால் நோயா, நோய் வந்ததால் பணம் போனதா? சும்மா புள்ளிவிவரம் பார்த்தால் பிரிக்க முடியாது. குலுக்கல் இங்கேயும் கைகொடுத்தது. அமெரிக்காவின் ஓரெகன் மாநிலம் 2008-இல் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் 10,000 இடங்களைத் திறந்தபோது சுமார் 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். ஏமி ஃபின்கல்ஸ்டீன் உள்ளிட்டவர்கள் சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டில் ரத்த அழுத்தத்திலும் கொலஸ்ட்ராலிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மனச்சோர்வும் மருத்துவக் கடனும் நன்றாகவே குறைந்தன.

இந்த முடிவில் முதல் பாதியை மட்டும் படித்தவர்கள் திட்டம் வீண் என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. காப்பீடு என்று ஒன்றை வாங்குவதே ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துத் தூக்கம் கெடாமல் இருக்கத்தானே?