தல்மூதை முடித்து வைத்தது யார்?

கேள்வி: யூதர்களின் தல்மூதைத் தொகுத்து முடித்தவர் ரவ் ஆஷி என்று படித்தேன். வேறொரு கட்டுரையில் 'சவோராயிம்' என்று யாரையோ சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. 'முடித்தவர்' என்ற சொல்தான் இடிக்கிறது!

கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் யெஹூதா ஹநாசி தொகுத்த சட்ட நூல் மிஷ்னா. அதை ஒவ்வொரு வரியாக எடுத்துவைத்துக்கொண்டு, இன்றைய இராக்கில் இருந்த சூரா, பும்பெதிதா பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டியவர்கள் அமோராயிம். அந்த வாக்குவாதங்களின் திரட்டுதான் பாபிலோனியத் தல்மூது. அதற்கு உருக்கொடுத்ததில் பெரும்பங்கு, 427 வாக்கில் இறந்த ரவ் ஆஷிக்கு. 500-ஐ ஒட்டி, அமோராயிமில் கடைசியானவரான ரவீனாவும் போய்ச் சேர, அமோராயிம் காலம் முடிந்தது.

அப்புறம் வந்தவர்கள்தான் சவோராயிம். அரமேயத்தில் 'யோசித்துக் கருத்துச் சொல்பவர்' என்கிற மாதிரி பொருள். முன்னோர் முடிவு சொல்லாமல் விட்ட இடங்களில் முடிவு சொல்வது, புரியாத இடத்துக்கு விளக்கம் சேர்ப்பது இவர்கள் வேலை.

இது நமக்கு எப்படித் தெரியும் என்பதுதான் வேடிக்கை. துனிசியாவின் கைரவான் நகரத்து யூதர்கள், மிஷ்னாவும் தல்மூதும் எப்படி உருவாயின என்று கேட்டு எழுத, பும்பெதிதாவின் தலைவர் ஷெரிரா காவோன் 987 வாக்கில் நீளமாக ஒரு பதில் கடிதம் போட்டார். (ஆக, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் கேள்வி-பதில் பகுதி நடந்திருக்கிறது.) பும்பெதிதாவின் முன்னாள் தலைவர் ரவ் யோசே காலத்தில் தல்மூது முத்திரையிடப்பட்டது, அதாவது முடித்து மூடப்பட்டது என்றும், கித்துஷீன் என்ற திருமணப் பகுதியின் தொடக்கம் சவோராயிம் சேர்த்தது என்றும் அதில் சொல்கிறார்.

அந்தத் தொடக்கத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'மூன்று வழிகளில்' மனைவி ஆவதைப் பற்றி மிஷ்னா பேசுகிறது. எபிரேயத்தில் எண்ணுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. சரி, இங்கே 'மூன்று' ஏன் பெண்பாலில் வந்தது, 'வழி' என்ற சொல் எந்தப் பால் என்று வேதத்திலிருந்து மேற்கோள் காட்டி அலசுகிறார்கள். கல்யாண விவகாரம் அதற்கப்புறம்தான்!

இவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் சிலரே. தல்மூதில் பெயரில்லாமல் ஒலிக்கும் குரல்களில் எவ்வளவு இவர்களுடையது என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.