லத்தியோடு ரோந்து போகிறவருக்குத் துப்பாக்கி வேண்டாமா?

கேள்வி: என் கணவர் போலீஸ் கான்ஸ்டபிள். வாரத்தில் மூன்று இரவு பைக்கில் ரோந்து. கையில் ஒரு லத்தி, ஒரு டார்ச், ஒரு வாக்கி டாக்கி, அவ்வளவுதான். பேப்பரைத் திறந்தால் துப்பாக்கியோடு வந்து வங்கியில் கொள்ளை, அடகுக்கடையில் கொள்ளை என்று செய்தி. அவர் வீட்டுக்கு வரும்வரை எனக்குத் தூக்கம் வருவதில்லை. எல்லாப் போலீஸுக்கும் துப்பாக்கி கொடுத்தால் என்ன? (ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்)

பதில்: சகோதரி, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்காக உங்கள் கணவரை இப்படி ஒரு கம்போடு தனியாக அனுப்புவது சரி என்று சொல்ல மாட்டேன், அது பெரிய தப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பிரிட்டனில் வட அயர்லாந்தைத் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலான போலீஸார் இன்றும் துப்பாக்கி இல்லாமல்தான் தெருவுக்கு வருகிறார்கள். 1829ல் லண்டன் மாநகரப் போலீஸ் ஆரம்பித்த காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. அங்கே 2005ஆம் வருடம் நடந்த இரண்டு விஷயங்களைப் பாருங்கள். நவம்பர் 18ஆம் தேதி, பிராட்ஃபோர்டு நகரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் அலாரம் அடிக்கிறது. இரண்டு பெண் கான்ஸ்டபிள்கள் போகிறார்கள், இருவரிடமும் துப்பாக்கி கிடையாது. உள்ளேயிருந்து வெளியே வந்த கொள்ளையர்கள் மிக அருகிலிருந்து சுட்டதில் ஷாரன் பெஷெனிவ்ஸ்கி அங்கேயே இறந்துபோனார், கூட வந்தவருக்குப் பலத்த காயம். ஷாரன் வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு அவருடைய கடைசிக் குழந்தைக்கு நாலாவது பிறந்தநாள். கொள்ளையர்கள் கொண்டுபோனது 5,400 பவுண்டு சொச்சம். இதைப் படிக்கிற யாருக்கும் அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு துப்பாக்கி இருந்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அதே வருடம் ஜூலை 22, லண்டன் ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில், தற்கொலைக் குண்டுதாரி என்று தப்பாக நினைத்து ஒரு பிரேசில் நாட்டு எலெக்ட்ரீஷியனைப் போலீஸ் தலையிலேயே சுட்டுக் கொன்றது. ஷான் சார்ல்ஸ் டி மெனெசஸ், வயது 27, எந்தக் குற்றமும் செய்யாதவர். சுட்டவர்கள் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இல்லை, இதற்கென்றே பயிற்சி எடுத்த தனிப் பிரிவு. அவர்களுக்கே அப்படி ஆனது என்றால், எப்போதாவது ஃபயரிங் ரேஞ்சுக்குப் போய்ச் சில தோட்டாக்கள் சுட்டுவிட்டு வருகிற ஒருவர் கையில், இருட்டில், நடுக்கத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுடப்படுகிறவர் உங்கள் வீட்டுத் தெருவில் பால் வாங்கப் போன ஒரு பையனாகவும் இருக்கலாம்.

ஷாரன் இறந்த அடுத்த வருடம் பிரிட்டன் போலீஸ் சங்கம் தன் உறுப்பினர்களிடமே கேட்டது, எல்லோருக்கும் துப்பாக்கி வேண்டுமா என்று. நூற்றுக்கு 82 பேர் வேண்டாம் என்றார்கள். தங்களில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் சொன்ன பதில் அது, அதனால்தான் அந்த எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, துப்பாக்கி இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் உறுதியில்லை. அயர்லாந்தில் சீருடைப் போலீஸ் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை, துப்பறியும் பிரிவினர் வைத்துக்கொள்வார்கள். 1996 ஜூன் 7 அன்று அடேர் என்ற ஊரில் தபால் துறைப் பணவண்டிக்குப் பாதுகாப்பாக வந்த காரில் இரண்டு துப்பறிவாளர்கள், காரில் உஸி என்ற சப்மெஷின் துப்பாக்கியும் இருந்தது. பின்னாலிருந்து வந்த வண்டி இவர்கள் காரில் மோதியது, இறங்கினவன் ஏகே 47ஆல் சுட்டான். ஜெர்ரி மெக்கேப் இறந்தார், இன்னொருவர் படுகாயம். ஒரு தோட்டாகூட இவர்களால் திருப்பிச் சுட முடியவில்லை. எப்போது, எங்கே, எப்படி என்பதையெல்லாம் கொள்ளைக்காரன்தான் தீர்மானிக்கிறான், போலீஸுக்குத் தெரியவரும்போது அவன் சுட்டு முடித்திருப்பான்.

அமெரிக்காவில் ஒவ்வொரு போலீஸ்காரர் இடுப்பிலும் துப்பாக்கி உண்டு. 1997 பிப்ரவரி 28, லாஸ் ஏஞ்சலஸில் வடக்கு ஹாலிவுட் பகுதியில் இரண்டே பேர் உடம்பு முழுக்கக் கவசம் மாட்டிக்கொண்டு தானியங்கித் துப்பாக்கிகளோடு ஒரு வங்கியைக் கொள்ளையடித்தார்கள். வெளியே வந்தவர்களைச் சுற்றி வளைத்த போலீஸாரின் கைத்துப்பாக்கிகள் அந்தக் கவசத்தைத் துளைக்கவே இல்லை. ஆயிரம் தோட்டாவுக்கு மேல் அந்த இருவரே சுட்டார்கள், முக்கால் மணி நேரம் நடந்தது, போலீஸும் பொதுமக்களுமாகப் பலருக்குக் காயம். கடைசியில் சில போலீஸார் பக்கத்தில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு ஓடிப்போய் ரைஃபிள் வாங்கிவர வேண்டியதாயிற்று! கொள்ளையர் இருவரும் அங்கேயே இறந்தார்கள். அதற்கப்புறம் அந்த ஊர்ப் போலீஸுக்கு ராணுவ ரைஃபிள்கள் வந்தன. போலீஸ் பிஸ்டல் வைத்தால் அவன் ரைஃபிளோடு வருவான், போலீஸ் ரைஃபிள் வைத்தால் அவன் என்ன கொண்டுவருவான் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம், தனியாக பைக்கில் போகிறவர் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால், அதைப் பறிப்பதற்கென்றே ஒருவன் வருவான். இதையும் மறக்காதீர்கள்.

சரி, அப்படியானால் உங்கள் கணவருக்கு என்னதான் வேண்டும்? இரவு ரோந்துக்குக் குறைந்தது இரண்டு பேர். அளவாகப் பொருந்துகிற, மழையிலும் வெயிலிலும் போட்டுக்கொள்ள முடிகிற குண்டு துளைக்காத உடுப்பு. ஸ்டேஷனோடு அறுந்துபோகாத ஒயர்லெஸ் தொடர்பு. இதெல்லாவற்றையும்விட, அவர் ஒரு வார்த்தை சொன்னால் சில நிமிடத்தில் வந்து நிற்கிற, நன்றாகப் பயிற்சி பெற்ற, ஆயுதம் ஏந்திய ஒரு குழு. லண்டனில் 1991லிருந்து இப்படிப்பட்ட ஆயுத வண்டிகள் இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, சாதாரண கான்ஸ்டபிள் வெறுங்கையோடு நடக்க முடிவது அந்த வண்டி பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்பதால்தான். அது இல்லாமல் லத்தி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நானும் உங்களோடு சேர்ந்து சண்டை போடுவேன்.

கேள்வி: துப்பாக்கியில்லாத போலீஸ் உள்ள நாட்டில் பெரிய ஆயுதக் கும்பல் வந்தால் ஊரையே சுருட்டிக்கொண்டு போய்விடாதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அப்படி ஒரு கும்பல் வந்தே இருக்கிறது. நார்வேயில் ஸ்டாவாங்கர் என்ற ஊரில் 2004 ஏப்ரல் 5, ஈஸ்டருக்கு முந்தைய திங்கட்கிழமை காலை. நொக்காஸ் என்கிற பணம் எண்ணும் மையத்துக்குள் ஹெல்மெட், கவச உடை, தானியங்கித் துப்பாக்கி என்று போருக்குப் போகிற மாதிரி ஒரு கும்பல் புகுந்தது. அதற்கு முன்னாலேயே போலீஸ் நிலைய வாசலில் ஒரு லாரியை நிறுத்திக் கொளுத்திவிட்டார்கள், வண்டிகள் வெளியே வரக்கூடாது என்று. மையத்தின் கண்ணாடி அவர்கள் நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்ததால் நேரம் இழுத்துக்கொண்டே போனது, அதற்குள் போலீஸ் வந்துவிட, ஆர்னே சிக்வே கிளுங்லான் என்ற அதிகாரி ஊர் நடுவே சுட்டுக் கொல்லப்பட்டார். போனது 5 கோடியே 74 லட்சம் குரோனர் (நார்வே நாட்டுப் பணம்).

அந்தச் சமயத்தில் அங்கே போலீஸ் துப்பாக்கியைக் காரில் பூட்டி வைத்திருந்தார்கள், மேலதிகாரி உத்தரவு வந்தால்தான் எடுக்கலாம் என்று இருந்தது. அந்தக் கொள்ளைக்குப் பிறகு எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி என்று உடனே மாற்றிவிடவில்லை. கும்பலை ஆள் ஆளாகத் துரத்தினார்கள். தலைவன் டேவிட் டோஸ்கா ஒரு வருடம் கழித்து ஸ்பெயினில் மலாகா நகரில் பிடிபட்டான், பதின்மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை, அது உண்மை. ஒரு அதிகாரியின் உயிரும் திரும்பவில்லை. ஆனால் அன்றைக்கு வந்த கும்பலுக்கு முன்னால் ரோந்துக்காரர் இடுப்பில் ஒரு பிஸ்டல் கூடுதலாக இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கெட்டிக் கண்ணாடி செய்த உதவியில் பாதிகூட அது செய்திருக்காது.

கேள்வி: கொள்ளையடிக்கிறவனை அங்கேயே சுட்டுத் தள்ளினால் அடுத்தவனுக்குப் பயம் வரும் அல்லவா? (வாசகர், சென்னை)

பதில்: உங்கள் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2012 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சென்னைப் புறநகரில் அடுத்தடுத்து இரண்டு வங்கிகளில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளை. பிப்ரவரி 23 அதிகாலை வேளச்சேரியில் ஒரு வீட்டில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்றது போலீஸ், மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அந்த ஐந்து பேரில் யார் எதைச் செய்தார்கள், ஐந்து பேருமே கொள்ளையர்களா என்பதை ஒரு நீதிபதி முன்னால் சாட்சி வைத்து நிரூபிக்க இனி வழியே இல்லை.

2021 ஜனவரி 22, ஓசூரில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் முகமூடியோடும் துப்பாக்கியோடும் வந்து சுமார் 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். நகைப் பையில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. அதை வைத்துத் தமிழ்நாட்டுப் போலீஸும் தெலங்கானாப் போலீஸும் மறுநாளே ஐதராபாத் பக்கத்தில் உயிரோடு பிடித்தார்கள், தங்கமும் கிடைத்தது, துப்பாக்கிகளும் கிடைத்தன. எனக்கு இந்த இரண்டாவது வேலைதான் போலீஸ் வேலை என்று தோன்றுகிறது.

தற்காப்புக்காகச் சுடும் உரிமை போலீஸுக்கும் உண்டு, உங்களுக்கும் எனக்கும் உண்டு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34லிருந்து 44 வரையான பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் எஃப்ஐஆர் போட வேண்டும், சிஐடியோ வேறு நிலையப் போலீஸோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும் என்று 2014லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோர் கையிலும் துப்பாக்கி கொடுக்கச் சொல்கிறவர்கள் இந்த விசாரணையெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்றும் கேட்க வேண்டும், அந்தக் குரல் அவ்வளவாகக் கேட்பதில்லை.

கேள்வி: சின்ன அடகுக்கடை வைத்திருக்கிறேன். துப்பாக்கியோடு யாராவது வந்தால் நான் என்ன செய்வது? (வாசகர், விருதுநகர்)

பதில்: கேட்டதைக் கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. கையை அவன் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள், எதற்காவது கையை நகர்த்துவதாக இருந்தால் சொல்லிவிட்டு நகர்த்துங்கள். முகத்தை உற்றுப் பார்க்க வேண்டாம், பேச்சு எந்த ஊர்ப் பேச்சு, செருப்பு என்ன, வண்டி என்ன, எந்தப் பக்கம் போனான் என்பதை மட்டும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். துரத்தாதீர்கள், கடைப்பையனையும் துரத்த விடாதீர்கள். போன உடனே கதவைச் சாத்திவிட்டு 112க்குப் போன் செய்யுங்கள், அவன் தொட்ட எதையும் துடைக்காதீர்கள். நகைக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள்.